எதிரணி மைதானத்தில் சனிக்கிழமை: கல்லூரி ஃபுட்பாலில் வெளியூர் ஆட்டத்தை எடைபோடுவது எப்படி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு பருவத்துக்கு வழக்கமான ஆட்டங்கள் 12தான். அதில் ஐந்து வாக்கில் எதிரணியின் ஊரில் நடக்கும். ஒரே ஒரு தோல்வி பருவத்தின் போக்கையே மாற்றிவிடும் என்பதால், வெளியூர் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் ரசிகர்களுக்குத் தூக்கம் வராது. பெரும்பாலானவர்கள் அந்த வாரத்தைத் தவறான கேள்விகளில் செலவழிக்கிறார்கள்: அந்த மைதானத்தில் நாம் கடைசியாக எப்போது ஜெயித்தோம், அவர்கள் கோச் என்ன பேசினார், இரவு ஆட்டமா பகல் ஆட்டமா. பார்க்க வேண்டியது ஒரு லட்சம் பேர் கத்தும்போது முன்வரிசைத் தடுப்பாளர்களான நம் ஐந்து ஓ-லைன் வீரர்களும் ஒரே கணத்தில் நகர்வார்களா என்பதை. மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

மேற்படிப்புக்காக டெக்சஸ், ஒஹாயோ, இண்டியானா பக்கம் போய் இந்த ஆட்டத்தில் விழுந்த தமிழர்கள் நிறையப் பேர் உண்டு. புதிதாக வந்தவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுவோம். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். பந்து வைத்திருக்கும் அணி அஃபென்ஸ், தடுக்கும் அணி டிஃபென்ஸ். ஓ-லைனின் நடுவில் நிற்கும் சென்டர், பாஸ் எறிந்து ஆட்டத்தை நடத்தும் க்வார்ட்டர்பேக்குக்குப் பந்தைப் பின்னால் கொடுப்பதுதான் ஸ்னாப். சென்டருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள். ஒரு அணி பந்தை வாங்கியதிலிருந்து இழக்கும் வரை நடப்பது ஒரு டிரைவ். பந்தை மைதானத்தின் முனையிலுள்ள எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோகும் டச்டவுனுக்கு 6 புள்ளி, அதன் பின் உதைக்கு 1, கம்பங்களுக்கு இடையே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3. இவ்வளவு தெரிந்தால் மேலே படிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை: ஸ்ப்ரெட்டை வெப்பமானியாகப் பயன்படுத்துங்கள்

பந்தயச் சந்தை ஞாயிறு மதியத்துக்குள் அடுத்த வார ஆட்டத்துக்கு ஒரு ஸ்ப்ரெட் போட்டுவிடும், அதாவது எந்த அணி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்ற மதிப்பீடு. ஜெயிக்கும் என்று கருதப்படும் அணிதான் ஃபேவரிட். காசு கட்டச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு அணிகளைப் பற்றியும் பாசமில்லாமல் சொல்லப்படும் முதல் மதிப்பீடு அதுதான், அதனால் அதிலிருந்து தொடங்குவது நல்லது. சொந்த மைதானத்தின் மதிப்பு சராசரியாக 2 முதல் 3 புள்ளி வரை. எதிரணி 3 புள்ளி ஃபேவரிட் என்றால், பொது இடத்தில் ஆடினால் இரண்டு அணிகளும் ஏறக்குறைய சமம் என்று பொருள். நம் அணி வெளியூரில் 7 புள்ளி ஃபேவரிட் என்றால், சந்தை நம்மை ஒன்பது பத்துப் புள்ளி உயர்ந்த அணியாக நினைக்கிறது.

அடுத்து, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரி ஆட்டங்களின் முடிவு ஸ்ப்ரெட்டிலிருந்து 15, 16 புள்ளி விலகுவது சர்வசாதாரணம். 3 புள்ளி ஃபேவரிட் பத்தில் ஆறு முறைகூட ஜெயிப்பதில்லை. 7 புள்ளி ஃபேவரிட் பத்தில் ஏழு முறை வாக்கில் ஜெயிக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஒஹாயோ ஸ்டேட் ஏறக்குறைய 20 புள்ளி ஃபேவரிட்டாக, அதுவும் சொந்த மைதானத்தில், மிஷிகனிடம் 13–10 என்று தோற்றது. அதே அணிதான் அந்தப் பருவத்தின் தேசிய சாம்பியன். ஆகவே "நிச்சயம்" என்ற சொல்லை இந்த வாரம் யார் சொன்னாலும் அவர் கணக்குப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாரத்தின் நடுவில் ஸ்ப்ரெட் 2 புள்ளிக்கு மேல் நகர்ந்தால் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் க்வார்ட்டர்பேக்கின் உடல்நிலையாக இருக்கும்.

திங்கள்: எண்களைக் கழுவி எடுங்கள்

தொலைக்காட்சியில் ஓடும் பருவச் சராசரிகளை அப்படியே எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். செப்டம்பரில் கீழ்ப்பிரிவான எஃப்.சி.எஸ். அணியை 56–7 என்று அடித்த ஆட்டம் எல்லாச் சராசரியையும் வீங்க வைத்திருக்கும். முதலில் அந்த ஆட்டத்தை நீக்குங்கள். மற்ற ஆட்டங்களிலும் முடிவு தெரிந்த பிறகு நடந்ததைக் கழியுங்கள். நான்காம் க்வார்ட்டரில் 17 புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசம் என்றால், அதாவது பின்தங்கிய அணி மூன்று முறை ஸ்கோர் செய்தால்தான் எட்டும் என்ற நிலை வந்தால், அதன் பின் நடந்தவை வெளியூர் ஆட்டத்துக்கு எந்தப் பாடமும் சொல்லாது.

புதியவர்கள் கட்டாயம் தவறும் இடம் ஒன்று உண்டு. கல்லூரிப் புள்ளிவிவரத்தில் சாக் ஆனபோது, அதாவது பாஸ் எறியும் முன்பே க்வார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டபோது, இழந்த யார்டுகளை ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல் அது பாஸ் கணக்கில் போகும். ஒரு அணி 35 ஓட்டத்தில் 120 யார்டு என்று பாக்ஸ் ஸ்கோர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்துக்கு 3.4 யார்டு, மோசம் என்று தோன்றும். அதில் நான்கு சாக், இழப்பு 28 யார்டு என்றால், உண்மையான ஓட்டம் 31 முறை, 148 யார்டு, சராசரி 4.8. இப்போது அது நன்றாக ஓடும் அணி. பிரச்சினை பாஸ் பாதுகாப்பில் இருக்கிறது. வெளியூரில் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஆகவே இந்தக் கழித்தலைச் செய்யாமல் ஓ-லைனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

கழுவி முடித்த பிறகு, இரண்டு அணிகளுக்கும் இந்த நான்கை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்:

– சக்ஸஸ் ரேட். முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாம் டவுனில் 70 சதவீதம், மூன்றிலும் நான்கிலும் முழுத் தூரம் கிடைத்தால் அந்த முயற்சி வெற்றி என்று எண்ணுவார்கள். நிலையான அணியா, மின்னல் மாதிரி எப்போதாவது வெட்டும் அணியா என்பதை இது காட்டும்.
– பெரிய முன்னேற்றங்கள்: ஓட்டத்தில் 12 யார்டு, பாஸில் 16 யார்டு தாண்டியவை எத்தனை, எத்தனை கொடுத்தார்கள்.
– எதிரணியின் 40 யார்டு கோட்டுக்குள் நுழைந்த டிரைவ்களில் கிடைத்த சராசரிப் புள்ளி. கடைசி 20 யார்டுக்குள் நுழைந்தபோது ஸ்கோர் செய்ததைச் சொல்லும் ரெட் ஸோன் சதவீதத்தை நம்ப வேண்டாம். அதில் ஃபீல்டு கோலையும் டச்டவுனையும் ஒன்றாகக் கூட்டிவிடுவார்கள்.
– டிரைவுக்கு எத்தனை புள்ளி எடுத்தார்கள், எத்தனை கொடுத்தார்கள். கடைசிக் கணக்குக்கு இது வேண்டும்.

டர்ன்ஓவர் (பந்தை எதிராளியிடம் பறிகொடுப்பது) வித்தியாசத்தை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கீழே விழுந்த பந்தை யார் எடுப்பார்கள் என்பது பாதிக்குப் பாதி. டிஃபென்ஸ் கைவைத்த பாஸ்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றைத்தான் அவர்கள் பிடிப்பார்கள், அதாவது இன்டர்செப்ஷன் ஆகும். அதைவிட நிறையப் பிடித்திருக்கும் அணி அதிர்ஷ்டத்தில் ஓடுகிறது, அது தொடரும் என்று எண்ணக் கூடாது. "எங்கள் டிஃபென்ஸ் பந்தைப் பறிக்கும்" என்பதை ஒரே நம்பிக்கையாக வைத்து வெளியூர் போகிற அணிக்காகப் பயப்படுங்கள்.

ஸ்னாப்: ஆட்டம் இங்கேதான் கைமாறும்

உள்ளூர் ரசிகர்கள் தங்கள் அணி பந்தை வைத்திருக்கும்போது அமைதியாகிவிடுவார்கள். நம் அணி பந்தை எடுத்ததும் கத்துவார்கள். சத்தத்தால் அடிபடுவது வந்திருக்கும் அணியின் அஃபென்ஸ் மட்டுமே, அதிலும் குறிப்பாக ஸ்னாப்புக்கு முந்தைய சில நொடிகள். ஸ்னாப் நெருங்கும்போது வாத்தியமும் ஸ்பீக்கரும் நிற்க வேண்டும் என்பது விதி. மனிதத் தொண்டைக்கு விதி கிடையாது. மிசிசிப்பி ஸ்டேட்டில் மாட்டு மணி ஆட்டும் வழக்கத்தை, அந்த அணி ஆடும் கான்ஃபரன்ஸான (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு) எஸ்.இ.சி. 2010 முதல் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கிறது. சென்டர் பந்தருகே வந்த பிறகு மணி ஒலிக்கக் கூடாது என்பதே அதிலும் நிபந்தனை.

சத்தம் இல்லாதபோது க்வார்ட்டர்பேக் குரலால் எண்ணுவார், ஐவரும் அந்தக் குரலில் நகர்வார்கள். எதிராளிக்கு அந்தக் கணம் எப்போது வரும் என்று தெரியாது. அஃபென்ஸுக்கு இருக்கும் மிகப்பெரிய சலுகையே அதுதான். வெளியூரில் அது போய்விடும். அதற்குப் பதிலாக வருவது சைலண்ட் கவுண்ட். அதைக் கண்ணால் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். க்வார்ட்டர்பேக் சென்டருக்கு ஐந்து யார்டு பின்னால் நிற்கிறார். சென்டர் குனிந்து பந்தைப் பிடித்திருக்கிறார். அவருக்குப் பக்கத்திலுள்ள கார்டு தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார். க்வார்ட்டர்பேக் ஒரு காலைத் தூக்கி வைக்கிறார். கார்டு முன்னால் திரும்பி, சென்டரைக் கையால் தட்டுகிறார். சென்டரின் தலை நிமிர்கிறது, ஒரு சின்ன இடைவெளி, பந்து போகிறது. ஓரத்தில் நிற்கும் டேக்கிள்கள் எதையும் கேட்கவில்லை. பந்தை ஓரக்கண்ணால் பார்த்து, அது அசைந்த பிறகே எழுகிறார்கள். அரை அடி தாமதம். எதிரில் நிற்கும், ஓரத்திலிருந்து க்வார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் எட்ஜ் ரஷ்ஷரும் அதே பந்தைத்தான் பார்க்கிறார், அவருக்குத் தாமதம் கிடையாது.

இதில் கெட்டுப்போவது மூன்று வகை. டேக்கிள் பொறுமையிழந்து முன்பே அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், 5 யார்டு போச்சு. தலை நிமிர்ந்ததும் ஒரே தாளத்தில் ஸ்னாப் வந்துகொண்டிருந்தால், முதல் க்வார்ட்டர் முடிவதற்குள் எட்ஜ் ரஷ்ஷர் அந்தத் தாளத்தைப் பிடித்துவிடுவார். பிறகு சாக் மழைதான். மூன்றாவது, கார்டு தட்டியதைச் சென்டர் தவறாகப் புரிந்து, க்வார்ட்டர்பேக் வேறு பக்கம் பார்க்கும்போது பந்து போய்விடுவது. நல்ல அணி இதற்கெல்லாம் தயாராகவே வரும். சில முறை முதல் தலையசைப்பில், சில முறை இரண்டாவதில், சில முறை தலையை அசைத்துவிட்டு ஸ்னாப் செய்யாமலே நின்று எதிராளியை இழுக்கும்.

நம் அணி தயாரா என்பதை முன்கூட்டியே சோதிக்க வழி இருக்கிறது. இந்தப் பருவத்தில் ஏற்கெனவே ஆடிய வெளியூர் ஆட்டங்களின் பிளே-பை-பிளேயை (ஒவ்வொரு முயற்சியின் பதிவு) திறந்து, ஃபால்ஸ் ஸ்டார்ட், நேரத்துக்குள் ஸ்னாப் செய்யாத டிலே ஆஃப் கேம், ஸ்னாப் தவறுகள், ஆட்டத்தைக் காப்பாற்ற வீணடித்த டைம்அவுட்கள் ஆகியவற்றை எண்ணுங்கள். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு வரை சகிக்கலாம். நான்கைத் தாண்டினால் அது வீரரின் தவறல்ல, பயிற்சியின் குறை. அது ஒரு வாரத்தில் தீராது. இது முதல் வெளியூர் ஆட்டம் என்றால், ஐந்து ஓ-லைன் வீரர்களும் இதுவரை தொடங்கிய ஆட்டங்களின் மொத்தத்தைக் கூட்டுங்கள். பல்கலைக்கழக விளையாட்டுத் துறை வாரத் தொடக்கத்தில் வெளியிடும் கேம் நோட்ஸில் இது இருக்கும். மொத்தத்தை விட முக்கியம், சென்டரும் லெஃப்ட் டேக்கிளும் யார் என்பது. சென்டர் புதியவர் என்றால் நம் கணிப்பில் தயங்காமல் 2 புள்ளி குறைக்கலாம்.

2022 அக்டோபர் 15 அன்று நாக்ஸ்வில்லில் நடந்ததைப் பாருங்கள். டென்னஸியின் நேலண்ட் ஸ்டேடியம், ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். அலபாமா ஃபேவரிட், டென்னஸிக்கு எதிராக 15 ஆண்டு தொடர் வெற்றியோடு வந்திருந்தது. அன்று அலபாமாவுக்கு 17 பெனால்டி, 130 யார்டு. அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகம். எல்லாமே சத்தத்தால் வந்தவை அல்ல, ஆனால் ஒரு வெளியூர் மாலையில் ஒழுங்கு குலைவது எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான ஆட்டம் இல்லை. கடைசி நொடியில் 40 யார்டு ஃபீல்டு கோல், 52–49.

கூட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் வைத்து மைதானத்தை அளக்காதீர்கள். ஆன் ஆர்பரில் உள்ள மிஷிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 இருக்கைகள், நாட்டிலேயே அதிகம். ஆனால் அதன் பெரும்பகுதி நிலத்துக்குக் கீழே தோண்டிய, சரிவு குறைந்த அகலக் கிண்ணம். அங்கே சத்தம் மேலே கலைந்துபோகிறது. ஆரிகனின் ஆட்சன் ஸ்டேடியம் 54,000 இருக்கைதான். 2024 அக்டோபர் 12 அன்று அங்கே 60,000 பேருக்கு மேல் நெருக்கியடித்து நின்றார்கள். ஒஹாயோ ஸ்டேட் 32–31 என்று ஒரே புள்ளியில் தோற்றது. மைதானத்தை வெறும் பார்வையாளர் எண்ணிக்கையில் பார்த்தவர்களுக்கு அது அதிர்ச்சி, செங்குத்தான இருக்கைகளும் மேற்கூரையும் ஒலியை எப்படித் திருப்பி அனுப்பும் என்று தெரிந்தவர்களுக்கு அல்ல.

சத்தம் எப்போது உச்சத்துக்குப் போகும்? தேர்டு டவுனில். அதனால் சத்தத்துக்கு எதிரான உண்மையான மருந்து முதல் டவுனில் இருக்கிறது. தேர்டு டவுனில் 3 யார்டுக்குள் வேண்டும் என்றால் பாதிக்கு மேல் வெற்றி கிடைக்கும். 8, 9 யார்டு வேண்டும் என்றால் மூன்றில் ஒன்றுகூடத் தேறாது. நம் அணியின் முதல் டவுன் சராசரியைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அது 5 யார்டுக்கு மேல் என்றால், எந்த மைதானமாக இருந்தாலும் ஆட்டத்தில் இருப்போம்.

2024 முதல் மேல்பிரிவு அணிகளுக்கு ஹெல்மெட் ரேடியோ வந்திருக்கிறது. பச்சைப் புள்ளி ஒட்டிய ஒரு வீரருக்குக் கோச் நேரடியாகப் பேசலாம், அடுத்த ஸ்னாப்புக்கான கடிகாரமான பிளே கிளாக்கில் 15 நொடி இருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். வெளியூரில் இதன் விளைவு பலருக்குப் புரிவதில்லை. ஒலி கேட்காமல் க்வார்ட்டர்பேக் காதுத் துளைகளை இரு கையாலும் பொத்திக்கொண்டு நின்றால், அடுத்த முயற்சிக்கான உத்தரவு தாமதமாகப் போய்ச் சேர்கிறது என்று அர்த்தம். அடுத்தடுத்த ஐந்து நொடிகளில் எல்லாம் அவசரமாகும்.

புதன்: யார் வருகிறார்கள்

முன்பெல்லாம் காயம் பற்றிக் கோச் சொல்வதே வேதம். இப்போது கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு அறிக்கை கட்டாயம். இன்னொரு கான்ஃபரன்ஸான பிக் டென் 2023 முதல் ஆட்டத்துக்கு 2 மணி நேரம் முன்பு வெளியிடுகிறது. எஸ்.இ.சி. 2024 முதல் புதன் இரவே முதல் அறிக்கையைத் தந்து, தினமும் புதுப்பித்து, ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன் இறுதி அறிக்கை தருகிறது. "கொஸ்சனபிள்" என்பதைப் பாதிக்குப் பாதி என்று எடுங்கள். "டவுட்ஃபுல்" என்றால் வரமாட்டார் என்றே வையுங்கள்.

எல்லாக் காயமும் ஒரே எடையல்ல. வெளியூருக்கு அழைத்துப் போகும் வீரர்களின் எண்ணிக்கைக்குக் கான்ஃபரன்ஸ் வரம்பு உண்டு. சொந்த ஊர் அணியின் பெஞ்ச் நீளமாக இருக்கும், நம்முடையது குறுகியது. பந்தோடு ஓடும் முதல் ரன்னிங் பேக் இல்லை என்றால் சமாளிக்கலாம். லெஃப்ட் டேக்கிள் இல்லை என்றால் நிலைமை வேறு. அதே ஆட்சன் ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டின் லெஃப்ட் டேக்கிள் காயப்பட்டு பருவத்தையே இழந்தார். மாற்றாக வந்தவரும் அடுத்த ஆட்டத்தில் அடிபட, நவம்பர் 2 அன்று பென் ஸ்டேட்டின் பீவர் ஸ்டேடியத்துக்குப் போனபோது கார்டாக ஆடிக்கொண்டிருந்தவரையே டேக்கிளாக நகர்த்தி வைத்திருந்தார்கள். கூட்டம் 1,11,000-க்கு மேல். காகிதத்தில் பார்த்தால் பேரிடர். ஆனால் அவர் பல பருவம் தொடங்கிய அனுபவசாலி. தெரியாத இடத்தில் தெரிந்த ஆளை வைத்தார்கள். பென் ஸ்டேட் 3 யார்டு தூரத்திலிருந்து நான்கு முயற்சியிலும் உள்ளே போக முடியாமல் போனது. பந்தை வாங்கிய ஒஹாயோ ஸ்டேட், மீதியிருந்த ஐந்து நிமிடத்துக்கு மேலான நேரத்தை ஓட்டத்தாலேயே கரைத்துவிட்டது. 20–13. மாற்று வீரரை மதிப்பிடும்போது அவருடைய இடத்தை மட்டும் பார்க்காமல், எத்தனை ஆட்டம் தொடங்கியவர் என்று பாருங்கள் என்பது இதனால்தான்.

பயணம், காற்று, அட்டவணை

2024 முதல் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., ஆரிகன், வாஷிங்டன் நான்கும் பிக் டென்னில் இருப்பதால், மேற்குக் கரையிலிருந்து மூன்று நேர மண்டலம் தாண்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கிழக்கே மதியம் 12 மணிக்குத் தொடங்கினால் மேற்கிலிருந்து வந்த உடலுக்கு அது காலை 9. இதற்கு 1 புள்ளி கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். வயோமிங் பல்கலைக்கழகத்தின் லாரமி மைதானம் 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே முதல் பாதியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூச்சு வாங்குவது மூன்றாம் க்வார்ட்டரில்தான் தெரியும், அதுவும் டிஃபென்ஸ் லைனில்.

மழையைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதிகம். பயப்பட வேண்டியது காற்றைக் கண்டு. மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழ் என்றால் விட்டுவிடலாம். 30-ஐத் தாண்டினால் நீளமான பாஸும் 45 யார்டுக்கு மேலான உதைகளும் நம் திட்டத்திலிருந்து போய்விட்டன என்று கணக்கிடுங்கள்.

அட்டவணையில் பார்க்க வேண்டியது, இதற்கு முந்தைய வாரம் நம் அணி என்ன செய்தது என்பது. 2024 செப்டம்பர் 28 அன்று அலபாமா ஜார்ஜியாவை 41–34 என்று வென்று தரவரிசையில் முதலிடம் போனது. ஏழே நாளில், அக்டோபர் 5 அன்று, நாஷ்வில்லில் வேண்டர்பில்ட்டிடம் 40–35 என்று தோற்றது. வேண்டர்பில்ட் மைதானம் யாரையும் மிரட்டும் இடமல்ல. அங்கே சத்தம் தோற்கடிக்கவில்லை. வேண்டர்பில்ட் தேர்டு டவுனில் 18-க்கு 12 எடுத்து, 60 நிமிடத்தில் 42 நிமிடம் பந்தைத் தன் கையிலேயே வைத்திருந்தது. நம்மைவிடப் பலம் குறைந்த அணியின் ஊருக்குப் போகும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பந்தை மெதுவாக, நீளமாக நகர்த்தும் க்வார்ட்டர்பேக் அவர்களிடம் இருக்கிறாரா? இருந்தால் டிரைவ்களின் எண்ணிக்கை குறையும். டிரைவ்கள் குறையக் குறைய வலுவான அணியின் சாதகமும் குறையும்.

உதைப்பவரைப் பற்றிச் சுருக்கமாக. பந்து நிற்கும் யார்டு கோட்டின் எண்ணோடு 17 யார்டு கூட்டினால் ஃபீல்டு கோலின் தூரம். கல்லூரி மைதானத்தில், பந்தை வைக்கும் பக்க எல்லைகளான ஹாஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி; என்.எஃப்.எல்.-இல் அதில் பாதிகூட இல்லை. ஆகவே கிட்ட நின்று உதைக்கும்போதும் கோணம் கடுமை. 2013 நவம்பர் 30 அன்று ஆபர்னில் அலபாமா மூன்று ஃபீல்டு கோல்களைக் கோட்டைவிட்டு, கடைசி நொடியில் 57 யார்டிலிருந்து முயன்றது. பந்து எட்டவில்லை. ஆபர்ன் வீரர் எண்ட் ஸோனின் பின்கோட்டருகே பிடித்து மைதானம் முழுக்க ஓடி டச்டவுன் போட்டார், 34–28. நம் கிக்கரின் மொத்தச் சதவீதத்தை விட்டுவிட்டு, வெளியூரில் 40 யார்டுக்கு மேல் எத்தனை போட்டார் என்று மட்டும் பாருங்கள்.

வெள்ளி இரவு: ஸ்கோரை எழுதுங்கள்

மனதில் தோன்றும் ஸ்கோரை எழுதாமல் கணக்கிட்டு எழுதுங்கள். ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் 12 டிரைவ் வாக்கில் கிடைக்கும். 2023 முதல் ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்கள் தவிர ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தாலும் கடிகாரம் நிற்பதில்லை என்பதால், இரண்டும் மெதுவான அணிகள் என்றால் 10 அல்லது 11 என்று வையுங்கள்.

உதாரணத்துக்கு: நம் அணி டிரைவுக்கு 2.6 புள்ளி எடுக்கிறது, எதிரணி 1.9 கொடுக்கிறது, பொதுச் சராசரி 2.1 என்று வைத்துக்கொள்வோம். 2.6-ஐயும் 1.9-ஐயும் கூட்டி 2.1-ஐக் கழித்தால் 2.4. பன்னிரண்டு டிரைவுக்கு 29 புள்ளி. அதேபோல் எதிரணி 2.3 எடுக்கிறது, நாம் 1.7 கொடுக்கிறோம் என்றால் 1.9, பன்னிரண்டு டிரைவுக்கு 23. வித்தியாசம் 6. வெளியூருக்காக 2.5 கழித்தால் 3.5. எழுத வேண்டிய ஸ்கோர் 28–24. இதற்கு மேல் புதிய சென்டர், நேர மண்டலம், காற்று என்று மேலே சொன்ன திருத்தங்களைச் செய்யுங்கள். எல்லாத் திருத்தமும் நமக்குச் சாதகமாகவே வந்தால் மீண்டும் முதலிலிருந்து பாருங்கள். பாசம் எங்கோ எண்ணுக்குள் நுழைந்திருக்கிறது. ஸ்ப்ரெட்டிலிருந்து 5 புள்ளிக்கு மேல் விலகினால், அதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும்.

சனிக்கிழமை: முதல் பதினைந்து நிமிடம்

நேரில் போகிறவர்கள் பையைக் கவனியுங்கள். பெரும்பாலான மைதானங்களில் 12-க்கு 6-க்கு 12 அங்குல ஒளிபுகும் பை, அல்லது ஒரு கேலன் ஜிப் பை மட்டுமே அனுமதி. மடிக்கணினிப் பையோடு போனால் வண்டிக்கே திரும்ப வேண்டியிருக்கும். டிக்கெட்டைக் கூட்டத்துக்குள் போவதற்கு முன்பே போனில் இறக்கி வாலட்டில் சேர்த்துவிடுங்கள், வாசலில் சிக்னல் கிடைக்காது. பென் ஸ்டேட் இருக்கும் ஸ்டேட் காலேஜ், கிளெம்சன் போன்ற சின்ன ஊர்களில் ஆட்ட வார இறுதிக்கு இரண்டு இரவு சேர்த்துத்தான் அறை தருவார்கள். 40, 50 மைல் தள்ளி ஒரு ஊரில் எடுப்பதே மலிவு. வந்த அணியின் ரசிகர்களுக்கான இருக்கைகள் பெரும்பாலும் மேல் மூலையில் இருக்கும். குறை சொல்ல வேண்டாம். லைன் ஆட்டத்தைப் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

முதல் டிரைவில் பந்தைப் பின்தொடராதீர்கள். பிளே கிளாக்கைப் பாருங்கள். 40 நொடியில் தொடங்கும் அது 15-ஐத் தொடும்போது நம் அணி வரிசையில் நின்றுவிட்டதா? நின்றால் க்வார்ட்டர்பேக் டிஃபென்ஸைப் பார்த்துத் திருத்தக் கோச்சின் குரல் கிடைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் 7, 8 நொடிக்குத்தான் நிற்கிறார்கள் என்றால் முதல் பாதிக்குள் டைம்அவுட் மூன்றும் தீரும். கோச்கள் முதல் பத்துப் பதினைந்து முயற்சிகளுக்கான திட்டத்தை முன்கூட்டியே எழுதி வந்திருப்பார்கள், அதனால் முதல் டிரைவ் டச்டவுனில் முடிந்தாலும் ஆடிப்பாட வேண்டாம். எழுதி வந்தது தீர்ந்த பிறகு, இரண்டாம் மூன்றாம் டிரைவில் ஃபால்ஸ் ஸ்டார்ட் வருகிறதா என்பதுதான் செய்தி.

அடுத்து எதிரணியின் எட்ஜ் ரஷ்ஷர். சென்டரின் தலை நிமிர்ந்ததும் அவரும் கிளம்புகிறாரா? முதல் க்வார்ட்டரிலேயே அப்படி என்றால், நம் பக்கம் இரண்டாவது தலையசைப்புக்கு மாறுகிறார்களா என்று பாருங்கள். மாறியதும் அவர் ஸ்னாப்புக்கு முன்பே கோட்டைத் தாண்டி ஒரு முறை ஆஃப்சைடு போனால் நம் கோச்சிங் ஊழியர்கள் விழித்திருக்கிறார்கள். மாறாமலே இரண்டு சாக் வாங்கினால், வெள்ளி இரவு எழுதிய 28–24-ஐ மறந்துவிடலாம்.

ஓவர்டைம் வந்தால் ஒரு நுணுக்கம். டாஸ் வென்றவர் பந்தா டிஃபென்ஸா என்றோ, எந்தப் பக்கம் ஆடுவது என்றோ தேர்ந்தெடுக்கலாம், மற்றது எதிராளிக்கு. இரண்டு அணியும் ஒரே எண்ட் ஸோனை நோக்கித்தான் ஆடும். வந்திருக்கும் அணியின் கேப்டன் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தால், மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் முனைக்கு எதிர்முனையைக் கேட்க வேண்டும். இரண்டாவது ஓவர்டைமிலிருந்து டச்டவுனுக்குப் பின் உதைக்குப் பதிலாகப் பந்தை மீண்டும் எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோகும் இரண்டு புள்ளி முயற்சி கட்டாயம், மூன்றாவதிலிருந்து இரண்டு புள்ளி முயற்சிகள் மட்டுமே. அங்கே ஒவ்வொரு ஸ்னாப்பும் 3 யார்டு தூரத்தில், முழு மைதானமும் நின்றுகொண்டு கத்தும்போது நடக்கும். கார்டு திரும்பிப் பார்க்கிறாரா, தட்டுகிறாரா என்று பாருங்கள்.